கொலாபா சிக்னல் பள்ளிக்கு நாம் வைத்த கடன்

1945 டிசம்பர் 1. பம்பாயின் கொலாபாவில் இருந்த கடற்படை சிக்னல் பள்ளிக்கு அன்று விருந்தாளிகள் வரவேண்டிய நாள். போர் முடிந்தபின் வந்த கடற்படை தினம் என்பதால் பொதுமக்களுக்கு வாசலைத் திறந்துவிட ஏற்பாடாகியிருந்தது. விடிந்து பார்த்தால், அணிவகுப்புத் திடலில் எரிந்த கொடிகளும் தோரணத் துணிகளும் சிதறிக் கிடந்தன. வண்ணக் கொடிகள் ஏறவேண்டிய இடத்தில் துடைப்பங்களும் வாளிகளும் தொங்கின. சுவர்களில் பெரிய பெரிய எழுத்தில் ‘இந்தியாவை விட்டு வெளியேறு’, ‘ஏகாதிபத்தியம் ஒழிக’ என்று எழுதியிருந்தது. கொடியால் செய்தி சொல்லக் கற்றுக்கொடுத்த பள்ளியில், மாணவர்கள் துடைப்பத்தால் செய்தி சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பள்ளியின் பெயர் ஹெச்.எம்.ஐ.எஸ். தல்வார். கப்பலுக்கு வைப்பதுபோல் பெயர் இருந்தாலும் அது கப்பல் அல்ல. கரையில் இருக்கும் நிலையங்களுக்கும் கப்பலைப்போலவே பெயர் சூட்டுவது பிரிட்டிஷ் கடற்படை வழக்கம். இந்தியக் கடற்படை இன்றும் அதை விடவில்லை. அதிகாரிகள், பயிற்சி பெறுவோர், மற்ற ஊழியர்கள் எல்லாருமாகச் சேர்ந்து சுமார் 1,500 பேர். உலகப் போரில் 25 லட்சம் பேரைச் சேர்த்த இந்திய ராணுவத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கைப்பிடி அளவு. ஆனால் 1946 பிப்ரவரியில் பிரிட்டிஷ் இந்தியாவின் கடற்படை முழுவதையும் நிறுத்தியது இந்தக் கைப்பிடிதான்.

கடற்படை எழுச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பாட்டைப் பாடுகிறார்கள். கல் கிடந்த சோற்றுக்காக நடந்த சண்டை என்பது ஒன்று. வெள்ளையனை விரட்டியதே இதுதான், காந்தியும் காங்கிரஸும் சும்மா என்பது இன்னொன்று. இரண்டுமே அந்தப் பள்ளியைக் கண்டுகொள்வதில்லை. எழுச்சி ஏன் பீரங்கிப் பள்ளியில் தொடங்கவில்லை? ஏன் ஒரு போர்க்கப்பலில் தொடங்கவில்லை? சிக்னல் பள்ளி என்பதால்தான் அங்கே தொடங்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதை ஒப்புக்கொண்டால், அந்தப் பையன்களுக்குச் சுதந்திர இந்தியா செய்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதும் கூடவே விளங்கும்.

சிக்னல் பள்ளியில் என்ன கற்றுக்கொடுப்பார்கள்? கண்ணால் பார்க்கும் செய்தி, காதால் கேட்கும் செய்தி என்று வேலை இரண்டாகப் பிரியும். சிக்னல்மேன் கண்ணை நம்பி வேலை செய்பவர். இரண்டு கையிலும் கொடி பிடித்து, ஒவ்வொரு கையையும் எட்டு நிலைகளில் வைத்து எழுத்து எழுத்தாகச் சொல்லும் செமாஃபோர் அவருக்குப் பாடம். ஒவ்வோர் எழுத்துக்கும் எண்ணுக்கும் உரிய வண்ணக் கொடிகளைக் கண நேரத்தில் அடையாளம் காணவேண்டும். இரவில் விளக்கின் மூடியைத் திறந்து மூடி ஒளியாலேயே மோர்ஸ் அடிக்கவேண்டும். டெலிகிராபிஸ்ட் காதை நம்பி வேலை செய்பவர். காதில் ஹெட்போன், கையில் பென்சில். இரைச்சலுக்கு நடுவே வரும் நெடிலையும் குறிலையும் எழுத்தாக்கி, அர்த்தமே புரியாத சங்கேதக் கொத்துகளை ஒரு பிழை இல்லாமல் தாளில் இறக்கவேண்டும். ஓர் எழுத்து தவறினால் கப்பல் தவறான திசையில் போய்விடும்.

இந்த வேலைக்கு எழுதப் படிக்கத் தெரியாதவரை வைத்துக்கொள்ள முடியாது. ஆங்கிலம் தெரிந்திருக்கவேண்டும், கூர்ந்து கவனிக்கத் தெரிந்திருக்கவேண்டும். ஆகவே பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்கள் இந்தப் பிரிவுக்கு வந்தார்கள். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தளபதி அனுப்பும் கட்டளை கேப்டன் கைக்குப் போகுமுன் ஒரு டெலிகிராபிஸ்டின் காது வழியாகத்தான் போகும். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, யார் யாருக்கு உத்தரவு போடுகிறார், எங்கே என்ன தகராறு என்பதெல்லாம் கப்பலில் முதலில் தெரிவது அந்த அறையில்தான். அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுபவருக்கும் எஞ்சின் அறையில் கரியோடு மல்லாடுபவருக்கும் இல்லாத ஒரு பார்வை இவர்களுக்கு இருந்தது. முழுக் கடற்படையும் ஒரே உடம்பு என்று அன்றாட வேலையிலேயே உணர்ந்தவர்கள் இவர்கள்.

போர் தொடங்கிய 1939-ல் ராயல் இந்தியன் நேவி என்ற இந்தியக் கடற்படையில் 2,000 பேர்கூட இல்லை. போர் முடியும்போது சுமார் 30,000 பேர். ஆறே ஆண்டில் பதினைந்து மடங்கு! அதுவரை ஆள் எடுக்காத பகுதிகளிலும் ஆள் எடுத்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்தும் நிறைய இளைஞர்கள் போனார்கள். உலகம் சுற்றலாம், தொழில் கற்கலாம், போர் முடிந்ததும் நல்ல வேலை கிடைக்கும் என்று விளம்பரங்கள் ஆசை காட்டின. உள்ளே போனபின் கண்டது வேறு. ஒரே வேலை செய்த பிரிட்டிஷ் மாலுமிக்கு ஒரு சம்பளம், இந்தியனுக்கு அதைவிட மிகக் குறைவான சம்பளம். தங்குமிடத்திலும் உணவிலும் அதே பாகுபாடு. அதிகாரி அல்லாத வீரர்களைக் கடற்படையில் ‘ரேட்டிங்’ என்பார்கள். இந்திய ரேட்டிங் எவ்வளவு திறமைசாலியானாலும், நேற்று வந்த வெள்ளை அதிகாரி முன் நிற்கும்போது அவன் எடுபிடிதான்.

போர் முடிந்ததும் இன்னொரு கவலை வந்தது. 30,000 பேரில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். விளம்பரத்தில் சொன்ன வேலை எங்கே?

பி.சி. தத் இந்தப் பள்ளியில் இருந்த வங்காளத்து டெலிகிராபிஸ்ட். போர்க்காலத்தில் பர்மா முனையில் பணியாற்றியவர். அவருடைய சகாவான சலில் ஷ்யாம் மலேயாவிலிருந்து திரும்பும்போது, இந்திய தேசிய ராணுவத்தினர் நேருவுக்கும் சரத் சந்திர போஸுக்கும் கொடுத்தனுப்பிய கடிதங்களைக் கொண்டுவந்தார். அந்த ராணுவத்தில் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தார்கள் என்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் அந்த ராணுவத்தின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் விசாரணை தொடங்கியபோது நாடே கொதித்தது. வானொலிப் பெட்டி முன் உட்கார்ந்தே பொழுதைக் கழிக்கும் பையன்கள் மட்டும் அதைக் கேட்காமல் இருப்பார்களா? தத்தும் நண்பர்களும் ‘ஆசாத் ஹிந்தி’ என்ற பெயரில் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்தார்கள். கடற்படை தினத்துத் துடைப்பம் அவர்கள் வேலை.

1946 பிப்ரவரி 2 அன்று தலைமைத் தளபதி ஆக்கின்லெக் தல்வாருக்கு வருகை தந்தார். காவல் பலமாக இருந்தும், அவர் வணக்கம் ஏற்க நிற்கவேண்டிய மேடையிலேயே ‘ஜெய் ஹிந்த்’ எழுதியிருந்தது. இம்முறை தத் பிடிபட்டார். பெட்டியைச் சோதித்தபோது அரசியல் துண்டறிக்கைகளும் புத்தகங்களும் கிடைத்தன. தத் கலங்கவில்லை. தன்னை அரசியல் கைதியாக நடத்தவேண்டும் என்று கேட்டார். அந்த வார்த்தையை ஒரு ராணுவ முகாமுக்குள் ஒரு ரேட்டிங் சொன்னதே பெரிய சங்கதி.

அப்போது தல்வாரின் தலைமை அதிகாரி கமாண்டர் கிங். பதவியேற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பிப்ரவரி 8 அன்று, வழியே போன பெண்கள் துணைப்படையினரைப் பார்த்து வீரர்கள் விசிலடித்தார்கள் என்று சொல்லி அவர் குடியிருப்புக்குள் நுழைந்தார். எழுந்து நிற்கவில்லை என்று கோபம். ‘கூலிகளுக்குப் பிறந்தவர்களே, காட்டான்களுக்குப் பிறந்தவர்களே’ என்று தொடங்கி, அச்சிட முடியாத வார்த்தையில் முடித்தார். வீரர்கள் உடனே கை ஓங்கவில்லை. கடற்படை விதிப்படி, ஒவ்வொருவராகத் தனித்தனிப் புகார் எழுதினார்கள். கூட்டாகப் புகார் கொடுத்தால் அது கலகம் என்று விதி சொல்கிறது. அந்த விதி அவர்களுக்கு நன்றாகத் தெரியும். புகாரை விசாரிக்கவேண்டியவர் யார்? அதே கிங். பொய்ப் புகார் கொடுப்பது பெருங்குற்றம், யோசித்துக்கொள்ளுங்கள் என்று அவகாசம் கொடுத்து அனுப்பினார். ஆட்டைக் கடித்த ஓநாயிடமே ஆட்டை முறையிடச் சொன்ன கதை.

பிப்ரவரி 18 காலை தல்வாரில் யாரும் சாப்பிடவில்லை. பருப்பும் ரொட்டியும் கிடந்தபடி கிடந்தன. ‘சாப்பாடு இல்லை, வேலையும் இல்லை’ என்பதுதான் கோஷம். கவனிக்கவேண்டும்: சோற்றைக் காரணம் காட்டியது திட்டமிட்ட உத்தி. அரசியல் பேசாதவனும் சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்வான். அன்றைக்கே அதிகாரிகள் கிங்கை மாற்றி, கேப்டன் இனிகோ-ஜோன்ஸைக் கொண்டுவந்தார்கள். கையாலாகாத ஒருவரை எடுத்துவிட்டு, கறாரான ஒருவரை வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தது நிர்வாகத்தின் கண்மூடித்தனம். சாப்பாட்டுத் தட்டிலிருந்து கோரிக்கை அதற்குள் வெகுதூரம் நகர்ந்துவிட்டது.

இனிதான் சிக்னல் பள்ளியின் தனித்தன்மை தெரிகிறது. வேறு எந்த முகாமில் வேலைநிறுத்தம் நடந்தாலும் மதில் சுவரைத் தாண்ட ஒரு வாரம் ஆகியிருக்கும், அதற்குள் அடக்கிவிடலாம். போர் ஆண்டுகளில் கடற்படையில் இப்படிச் சின்னச் சின்ன முறுக்கல்கள் பல நடந்து, வந்த வழி தெரியாமல் அடங்கியும் போயின. தல்வாரில் இருந்தவர்களுக்கோ செய்தி அனுப்புவதே தொழில். கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துறைமுகத்துக் கப்பல்களில் இருந்த சிக்னல்மேன்களும் டெலிகிராபிஸ்டுகளும் இவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். மோர்ஸ் அடிக்கும் கையின் லயத்தை வைத்தே மறுமுனையில் இருப்பது யார் என்று சொல்லிவிடக் கூடியவர்கள். பத்திரிகைகளும் வானொலியும் சேர்ந்துகொள்ள, மறுநாள் காலைக்குள் பம்பாய்த் துறைமுகக் கப்பல்களும், காஸில் பாரக்ஸ், ஃபோர்ட் பாரக்ஸ் என்ற வீரர் குடியிருப்புகளும் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டன. கராச்சி, சென்னை, விசாகப்பட்டினம், கொச்சி, கல்கத்தா என்று அலை பரவியது. சென்னையில் ஹெச்.எம்.ஐ.எஸ். அடையாறு நிலையத்து வீரர்களும் இறங்கினார்கள். பிப்ரவரி 22-க்குள் 78 கப்பல்கள், 20 கரை நிலையங்கள், சுமார் 20,000 பேர். ஒரு பள்ளியில் காலைச் சாப்பாட்டை மறுத்து ஐந்தாவது நாளில் இந்தக் கணக்கு.

பிப்ரவரி 19 அன்று மத்திய வேலைநிறுத்தக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் எம்.எஸ். கான், சிக்னல் பிரிவுக்காரர். துணைத் தலைவர் மதன் சிங், டெலிகிராபிஸ்ட். ஒரு முஸ்லிமும் ஒரு சீக்கியரும். இருவரும் இருபதுகளில் இருந்தவர்கள். தலைமையும் சிக்னல் பிரிவிலிருந்தே வந்தது தற்செயல் அல்ல. கோரிக்கைகளைப் படித்தால் இது வெறும் சோற்றுச் சண்டை இல்லை என்று புரியும். நல்ல உணவு, பிரிட்டிஷ் மாலுமிக்குச் சமமான சம்பளம், கிங் மீது நடவடிக்கை. கூடவே, இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுதலை செய், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெறு. டச்சுக்காரர்களிடமிருந்து விடுதலை பெறப் போராடிய இந்தோனேசியர்களை அடக்க இந்தியச் சிப்பாயை அனுப்பாதே என்று பம்பாயில் ஓர் இருபது வயதுப் பையன் சொல்கிறான். வானொலி அறையில் உட்கார்ந்தவனுக்கு உலகம் தெரிந்திருந்தது.

கப்பல்களில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. அந்த இடத்தில் காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, கம்யூனிஸ்ட் கட்சியின் செங்கொடி மூன்றும் சேர்ந்து ஏறின. அடுத்த பதினெட்டு மாதத்தில் நாடு என்ன ஆயிற்று என்று தெரிந்தவர்களுக்கு, ஒரே கம்பத்தில் அந்த மூன்று கொடிகள் பறந்ததை நினைத்தால் பெருமூச்சுதான் வரும்.

பிப்ரவரி 21 அன்று காஸில் பாரக்ஸில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. அன்று வானொலியில் பேசிய கடற்படைத் தலைவர் அட்மிரல் காட்ஃப்ரே, கடற்படையே அழிந்தாலும் சரி, கைவசம் உள்ள பலத்தை எல்லாம் பயன்படுத்துவோம் என்று எச்சரித்தார். (போரின்போது பிரிட்டிஷ் கடற்படை உளவுத் துறையின் தலைவராக இருந்தவர் இவர், அப்போது இவருக்குக் கீழே வேலை பார்த்த இயன் ஃப்ளெமிங்தான் பின்னாளில் ஜேம்ஸ் பாண்டை எழுதினார். கதையில் பாண்டின் மேலதிகாரியாக வரும் ‘எம்’ பாத்திரத்துக்கு முன்மாதிரி இந்த காட்ஃப்ரே என்பார்கள்.) உலகத்து ரகசியங்களை எல்லாம் மோப்பம் பிடித்தவருக்குத் தன் வீட்டுச் சிக்னல் பள்ளியில் என்ன வேகிறது என்று தெரியவில்லை. கப்பல்களுக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். பம்பாய் மக்கள் கேட்வே ஆஃப் இந்தியா கரையில் கூடி, பழமும் ரொட்டியும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொண்டுவந்து வீரர்களிடம் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 22 பம்பாய் முழுக் கடையடைப்பு. மில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ராணுவத்தை இறக்கினார்கள். அந்தச் சில நாட்களில் நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பொதுமக்கள் 200-க்கும் மேல். காயம்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கடலில் இறந்தவர்களைவிடத் தெருவில் இறந்தவர்கள் மிக மிக அதிகம். இவர்களுக்கு நினைவுக்கல் தேடினால் சிரமப்பட வேண்டியிருக்கும். கராச்சியில் ஹெச்.எம்.ஐ.எஸ். ஹிந்துஸ்தான் கப்பல் பீரங்கிச் சண்டைக்குப் பிறகு பணிந்தது.

78 கப்பல்களுக்கு ஒரு நொடியில் செய்தி அனுப்பத் தெரிந்தவர்களுக்குத் தலைவர்களின் காதை எட்டத் தெரியவில்லை. சோஷலிஸ்ட் தலைவர் அருணா ஆசஃப் அலி போன்ற ஒரு சிலரைத் தவிர யாரும் துணை நிற்கவில்லை. வன்முறைக்காக இந்துவும் முஸ்லிமும் கைகோத்தது தகாத சேர்க்கை என்று காந்தி கண்டித்தார். அரசியல் சட்ட மேசையைவிடத் தடுப்பரணில் அவர்களை ஒன்று சேர்ப்பேன் என்று அருணா பதில் சொன்னார். வல்லபபாய் படேல் பம்பாய்க்கு வந்து, சரணடையுங்கள், பழிவாங்கல் நடக்காமல் காங்கிரஸ் பார்த்துக்கொள்ளும் என்றார். ஜின்னாவும் முஸ்லிம் வீரர்களைப் பணிக்குத் திரும்பச் சொன்னார். பிப்ரவரி 23 காலை கருப்புக் கொடி ஏறியது. பிரிட்டிஷாரிடம் அல்ல, இந்திய மக்களிடம் சரணடைகிறோம் என்று குழு அறிவித்தது.

படேலைத் திட்டித் தீர்ப்பது இன்று எளிது. அவர் நினைத்தது முட்டாள்தனம் அல்ல. நாளைக்கு நாம்தான் ஆளப்போகிறோம். நமக்கும் ஒரு ராணுவம் வேண்டும். படையின் கட்டுப்பாட்டோடு விளையாடினால் அது நம் தலையிலேயே விடியும் என்பது அவர் கணக்கு. பிரிவினையின் ரத்தக் களரியைப் பார்த்தபின் அந்தக் கணக்கை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பழிவாங்கல் நடக்காது என்ற வாக்கு என்ன ஆயிற்று? நூற்றுக்கணக்கானவர்களை முலுண்ட் முகாமில் அடைத்தார்கள். 476 பேரைப் பணியிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். பாட்னா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஃபசல் அலி தலைவர். கொச்சி சமஸ்தானத்தின் தலைமை நீதிபதி கே.எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி மெஹர் சந்த் மகாஜன் ஆகியோரும், பிரிட்டிஷ் கடற்படை, ராணுவ அதிகாரிகள் இருவரும் உறுப்பினர்கள். ஆள் எடுக்கும்போது கொடுத்த பொய் வாக்குறுதி, மோசமான உணவு, இனப் பாகுபாடு, குறைகளைக் கேட்க ஆளில்லாத நிலை என்று காரணங்கள் அதில் பதிவாயின. குற்றவாளிகளைத் தேடப் போனவர்கள் குற்றச்சாட்டை உறுதிசெய்துவிட்டு வந்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். அறிக்கை 1947 ஜனவரியில் வெளியானது. ஏழே மாதத்தில் சுதந்திரம்.

இங்கேதான் சுதந்திர இந்தியா தன் கடனைத் தீர்க்காமல் விட்டது. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு அந்த 476 பேரையும் திரும்ப அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. இந்தியக் கடற்படையும் அழைக்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் அழைக்கவில்லை. இரண்டு நாடுகளும் ஒத்துப்போன சில விஷயங்களில் இது ஒன்று. பிரிட்டிஷ் அரசரின் கடற்படையில் கட்டுப்பாட்டை மீறியவன் குடியரசின் கடற்படைக்கு ஏன் ஆகாதவன்? கட்டுப்பாடு என்று பதில் வரும். அப்படியானால் அதே காலத்தில் பிரிட்டிஷாரின் கீழ் கட்டுப்பாடாகச் சுட்டவர்கள் எல்லாம் பதவி உயர்வோடு தொடர்ந்தார்களே, அது என்ன நியாயம்? கால் நூற்றாண்டு கழித்து, 1970-களில்தான் இந்த வீரர்களைச் சுதந்திரப் போராட்டத் தியாகிகளாக அரசு ஏற்றது. அதற்குள் பலர் பிழைப்புக்கு எதையெதையோ செய்து வயதாகிவிட்டார்கள். தத் பத்திரிகையாளரானார், 1971-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார்.

கலை உலகமும் துணிந்து தொட்டபோது பட்டது. 1965-ல் நாடகாசிரியர் உத்பல் தத் கல்கத்தாவின் மினர்வா அரங்கில் இந்த எழுச்சியை வைத்து ‘கல்லோல்’ நாடகத்தைப் போட்டார். கூட்டம் அலைமோதியது. அந்த ஆண்டே அவர் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். சுதந்திரம் பெற்றுப் பதினெட்டு ஆண்டு ஆனபின்னும் அந்த எழுச்சியின் பெயர் ஆட்சியாளர்களின் வயிற்றைக் கலக்கியது.

வெள்ளையனை விரட்டியதே இந்த எழுச்சிதான் என்பவர்களின் மிகைப்படுத்தலையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் அட்லி 1956-ல் கல்கத்தா வந்தபோது, தாங்கள் வெளியேறியதற்குக் கடற்படை எழுச்சியும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும்தான் காரணம் என்று சொன்னதாக, முன்னாள் தலைமை நீதிபதி பி.பி. சக்ரவர்த்தி இருபது ஆண்டு கழித்து ஒரு கடிதத்தில் எழுதினார். அதை வாட்ஸ்அப்பில் பார்க்காதவர்கள் இன்று குறைவு. ஒருவர் நினைவிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தின் மேல் முழு வரலாற்றையும் கட்ட முடியாது. அமைச்சரவைத் தூதுக்குழுவை அனுப்பும் அறிவிப்பு பிப்ரவரி 19-ல் வந்தது உண்மை. முடிவு அதற்கு முந்தைய மாதமே எடுத்தாகிவிட்டது. இந்தியச் சிப்பாயை நம்பி இனி இந்தியாவை ஆள முடியாது என்ற பயத்தை இந்த எழுச்சி உறுதிப்படுத்தியது. அந்த அளவே போதும். சிக்னல் பள்ளிப் பையன்களுக்குப் பொய்ப் பெருமை தேவையில்லை.

கடற்படை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்திருக்கிறது. 2001-ல் கொலாபாவில் ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. மதன் சிங், பி.சி. தத் பெயர்களை இரண்டு இழுவைப் படகுகளுக்கு வைத்தார்கள். 2022 குடியரசு தின அணிவகுப்பில் கடற்படையின் ஊர்தி 1946 எழுச்சியைச் சித்திரித்தது. நல்லதுதான். ஆனாலும் ‘தல்வார்’ என்று சொன்னால் கடற்படை ஆர்வலர்களுக்கு நினைவுக்கு வருவது 1971 போரில் பங்கெடுத்த போர்க்கப்பலும், 2003-ல் ரஷ்யாவிலிருந்து வந்து சேர்ந்த போர்க்கப்பலும்தான். பள்ளி யார் நினைவிலும் இல்லை. கடற்படையின் சிக்னல் பயிற்சி இன்று கொச்சியில் நடக்கிறது. செமாஃபோர் போய்ச் செயற்கைக்கோள் வந்துவிட்டது. அங்கே படிக்கும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே தல்வாரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுப்பாடு கெட்டுவிடும் என்று பயப்படவேண்டாம். குறையைக் கேட்கவேண்டிய அதிகாரியே குற்றவாளியாக இருந்தால் ஒரு படை எப்படி உடையும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அதிகாரிகளுக்கு வேறு கிடையாது.

இன்னொரு வேலை இருக்கிறது, அதைத் தமிழ்நாடே தொடங்கலாம். நீக்கப்பட்ட 476 பேரின் பெயர், ஊர், பணிப்பிரிவு எல்லாம் பாதுகாப்பு அமைச்சக ஆவணங்களிலிருந்து பட்டியலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும். மாநில அரசு முறைப்படி கேட்கவேண்டும். நம் மக்களவை உறுப்பினர்களில் ஒருவராவது அவையில் இந்தக் கேள்வியைப் போடவேண்டும். 1946-ல் கடற்படையிலிருந்து காரணம் சொல்லாமல் வீடு திரும்பிய தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், பழைய இரும்புப் பெட்டியில் அவருடைய பணிநீக்கத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் ஒரு நகலை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவையுங்கள்.